ஒரு பாட்டிலில் இரண்டு பால்

கரண்ட் போன கையோடு அந்தச் சத்தம் கேட்டது. சளக், சளக், சற்று ஓய்ந்து, மறுபடி சளக். ஈரமான சத்தம், அவசரமான சத்தம், இருட்டுக்குள் எதுவோ எதையோ நக்குகிற சத்தம். டெல்ஃபின் கட்டில் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மார்போடு சேர்த்துப் பிடித்திருந்த பம்பின் மோட்டார் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. பூனையாகத்தான் இருக்கும். பால் வாசத்துக்குப் பூனை வரும் என்று பக்கத்து வீட்டு மார்செலின் அக்கா சொல்லிவிட்டுப் போயிருந்தாள், சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள், பிள்ளை பெற்றவளிடம் சொல்லிச் சிரிக்கிற பேச்சா அது. பூனை இல்லையென்றால் பல்லி. பல்லி நக்காது, உச்சுக்கொட்டும். ஒருவேளை மாடிப்படியில் யாராவது ஈரக் காலோடு ஏறி வருகிறார்களோ, கடல் இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறது, ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ராத்திரியில் என்னென்னமோ வரும் என்பார்கள், ஹாஸ்டலில் லைட் அணைத்தபிறகு ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் சொன்ன கதைகள் எல்லாம் ஈரக் காலோடுதான் வந்தன. தலையணைக்கடியில் துழாவிப் போனை எடுத்து வெளிச்சம் அடித்தாள். பூனையும் இல்லை, படியில் ஆளும் இல்லை. கட்டில் நடுவில் அவள் மகள் துணியிலிருந்து ஒரு கையை மட்டும் உருவிக்கொண்டு, தன் மணிக்கட்டை வாய் நிறையத் திணித்து, கண்ணை இறுக்க மூடியபடி உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அடப் பாவி மகளே என்று வாய்விட்டே சொன்னாள். நெஞ்சில் கட்டியிருந்த பயம் இறங்கியது, இறங்கின வேகத்திலேயே இன்னொரு பயம் ஏறியது. பசி. இன்னும் கொஞ்ச நேரத்தில் அழுவாள். பம்பின் கோப்பையில் அடிப்பக்கம் நனைந்திருந்ததே தவிர, அதைப் பால் என்று சொல்ல முடியாது.

வீட்டில் யாரும் இல்லை. செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நவநாள். அம்மாவும், புருஷனைப் பெற்ற மாமியும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கோவிலுக்குப் போயிருந்தார்கள், உனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன் என்று மாமி சொல்லிவிட்டுப் போனாள், எதை வேண்டுவாள் என்று டெல்ஃபினுக்குத் தெரியும். பால். மணப்பாட்டிலிருந்து வந்த நாள் முதல் மாமிக்கு அந்த ஒரே நினைப்புதான். விடியுமுன் கரைக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வருகிறாள், அவித்து முள் எடுத்து உதிர்த்து, உரித்த பூண்டைக் கைகொள்ளாமல் போட்டுப் புட்டு கிளறி, காலையிலும் அதுதான் மத்தியானமும் அதுதான், டெல்ஃபினின் வியர்வையில்கூடச் சுறா மணக்கிறது. எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையும் டப்பாப் பால் குடித்து வளரவில்லை என்று மாமி குத்தலுக்குச் சொல்வதில்லை, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சுருட்டை முடி என்று சொல்வதைப்போல இயல்பாகச் சொல்கிறாள், அதுதான் தாங்க முடியவில்லை. குத்தலாக இருந்தால் கோபப்படலாம். பவுடர் டப்பா அலமாரியில் கல்யாணச் சேலை வந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. அங்கே வைத்தது அம்மா. மாமி ஊருக்குப் போகிற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே என்று சொன்னதும் அம்மாதான். பிள்ளையை நிறுத்த தராசுத் தட்டில் முள் ஏறவில்லை என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு அம்மாவும் கூட இருந்தாள். பிறந்த எடையைக்கூட இன்னும் தொடவில்லையேம்மா, கொஞ்ச நாளைக்குப் பவுடர் சேர்த்துக்கொடு, என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகும் நிறையப் பேசினார். எப்படி, எப்போது, எதற்குப் பின் எது என்று கையைக் காட்டிக் காட்டிப் பேசினார். டெல்ஃபினுக்குப் பவுடர் என்ற சொல்லோடு காது அடைத்துவிட்டது. அவர் சட்டைப்பையில் குத்தியிருந்த பேனாவின் மூடியில் பல் பதிந்திருந்ததும், வெளியே யாரோ வீட்டுக் கொழுக் மொழுக்குப் பிள்ளை கத்தியதும்தான் நினைவில் நின்றன. பள்ளிக்கூடத்தில் ஒரு வரி விடாமல் எழுதி எடுத்தவள், சிஸ்டர் இருமினால் அதையும் எழுதுவாள் என்று கேலி வாங்கியவள், பிள்ளை உயிர் சம்பந்தப்பட்ட பேச்சைக் கோட்டைவிட்டுவிட்டு வந்தாள். திரும்பக் கேட்க வெட்கம். அதனால் தானாகவே ஒரு வழி வைத்துக்கொண்டாள்.

அந்த வழியை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. வெறும் பவுடரைப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை என்பதுதான் அது. பம்பில் எவ்வளவு வருகிறதோ, ஒரு முட்டைக்கரண்டியோ அரையோ, அதைக் கரைத்த பவுடர்ப் பாலோடு ஒரே பாட்டிலில் ஊற்றிக் கலக்கிய பிறகுதான் ரப்பரை மகள் வாயில் வைப்பாள். கலக்கும்போது ஒவ்வொரு தடவையும் பூசையில் சாமியார் திராட்சை ரசக் கிண்ணத்தில் ஒரு துளி தண்ணீர் விடுவது கண்முன் வரும். ஒரு துளிதான், ஆனாலும் கலந்துவிட்டது கலந்ததுதான், பிரிக்க முடியாது, தன் துளி விழுந்த பிறகு பாட்டில் முழுக்கத் தன் பால்தான் என்று மனசு சமாதானம் ஆகும். ஆகும், உடனே இடறும். ரசம்தானே பெரியது, தண்ணீர்தானே அதில் காணாமல் போகிறது. அப்படிப் பார்த்தால் இந்தப் பாட்டிலில் ரசம் யார், தண்ணீர் யார். காணாமல் போவது அவளல்லவா. இந்த இடத்துக்கு வந்ததும் பாட்டிலை வேகமாகக் குலுக்குவாள், குலுக்கினால் எண்ணம் நின்றுவிடும் என்பதுபோல. பிள்ளையோ பாட்டிலை முழுக்கக் குடிக்காது. அடியில் எப்போதும் மிச்சம் வைக்கும். அந்த மிச்சத்தோடு அவள் ஜன்னலோரம் நிற்பாள். தாய்ப்பாலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, எறும்பு மொய்த்தால் மார் வற்றிப்போகும், செடிக்குத்தான் ஊற்ற வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். இது தாய்ப்பாலா இல்லையா. பாதி. பாதிக்கு எங்கே போவது. ஜன்னலில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினாள், மறுநாள் தொட்டி விளிம்பில் சாரை சாரையாகச் சிற்றெறும்பு, அதைப் பார்த்த கணத்திலிருந்து பம்பில் வருவது குறைந்துவிட்டதாகவே தோன்றியது. பி.எஸ்ஸி. படித்தவள். எறும்பு தின்றால் மார் வற்றாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன. மண்டையில் இருப்பது மாருக்கு இறங்க நாளாகும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதை அவள் நேராகப் பார்ப்பதில்லை, நாக்கு சொத்தைப் பல்லைச் சுற்றிச் சுற்றிப் போவதுபோலச் சுற்றுவாள். நேற்றிலிருந்து பிள்ளை மாரைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறது. முதுகை வில்லாக வளைத்து, முஷ்டியால் நெஞ்சில் குத்தி, அழுது, பாட்டில் ரப்பர் உதட்டில் பட்டதும் கப்பென்று நிறுத்துகிறது. அவ்வளவுதான், போய்விட்டாள் என்று டெல்ஃபின் நினைத்தாள். பிறந்து இன்னும் தொட்டில்கூடப் போடவில்லை, அதற்குள் என்னை விட்டுப் போய்விட்டாள். இனி இந்த மாரை அவள் தொடவே மாட்டாள், பால் நின்றுவிடும், சட்டையின் முன்பக்கம் காய்ந்தே கிடக்கும், என்றைக்காவது யாராவது கேட்டால் நான் பாதி கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். பாதி உண்மை முழுப் பொய் என்று மாரல் சயன்ஸ் வகுப்பில் சிஸ்டர் லியோனில்லா போர்டில் எழுதிப்போட்டது அப்படியே தெரிந்தது, அந்த வளைந்த எழுத்து, அடியில் போட்ட இரட்டைக் கோடு. அப்படியென்றால் பாதிப் பால்? ஆத்தும சோதனை என்று ராத்திரி முழங்காலில் நின்று அன்றைய பாவங்களை வகைப்படி பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், இதை எந்த வகையில் சேர்ப்பது, கட்டளையை மீறியதா, கடமையில் தவறியதா, மாமியிடம் மறைத்ததா. ஜூடிடம் சொல்லியிருக்கலாம். அவன் தோஹா துறைமுகத்தில் டக் போட்டில் இருக்கிறான், டூட்டி முடிந்ததும் கூப்பிட்டு, குட்டி என்ன செய்யுது, நீ சாப்டியா, பால் குடிக்குதா என்று வரிசையாகக் கேட்பான். குடிக்குது என்பாள். எந்தப் பால் என்று அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை, வீடியோவில் பிள்ளை முகத்தை மட்டும் காட்டுவாள், பாட்டில் படாமல் பார்த்துக்கொள்வாள். அவன் அங்கே பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்க்கிறவன், இங்கே ஒரு முழம் பிள்ளையை அவளால் தன் பக்கம் இழுக்க முடியவில்லை.

மகள் அழ ஆரம்பித்தாள். முதலில் சிணுங்கல், பிறகு பிடிவாதமான, சிவந்த, உடம்பெல்லாம் குலுங்குகிற அழுகை. டெல்ஃபின் பம்பின் சுவிட்சை அழுத்தினாள், கரண்ட் இல்லை என்று தெரிந்தே அழுத்தினாள். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருந்தது, டப்பா இருந்தது, எல்லாம் இருந்தது, அவள் துளி மட்டும் இல்லை. துளி இல்லாமல் எப்படிக் கொடுப்பது. எழுந்து அலமாரி வரைக்கும் போய்ச் சேலைப் பெட்டியின் மூடியில் கைவைத்தவள் அங்கேயே நின்றாள். கை போகவில்லை. பிள்ளை தொண்டை வறளக் கத்துகிறது, இவளோ பெட்டி மூடியில் கைவைத்துக்கொண்டு ரசமா தண்ணீரா என்று நிற்கிறாள், என்ன பெண் இவள், தள்ளி நின்று பார்த்தால் அவளுக்கே அறையத் தோன்றியது. திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கினாள். பால் கொடுக்க இல்லை, அழுகையை அடக்கத்தான். தோளில் போட்டாள், தட்டினாள், இருட்டில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். தெருவே இருண்டு கிடந்தது. மிஷின் ஓடாத, டிவி ஓடாத தெரு, கேட்கிற ஒரே ரேடியோ ஒரு கைக்குழந்தையின் அழுகைதான், அதுவும் இவளுடையது. புழுக்கம் தாங்காமல் நைட்டியின் முன்பக்கத்தை அவிழ்த்தே விட்டிருந்தாள், பம்ப் வைத்த இடம் இன்னும் மூடவில்லை. தோளிலிருந்து சரிந்த பிள்ளையின் கன்னம் அங்கே பட்டது. பட்டதும் முதுகை வளைத்துத் திமிறியது. பார்த்தாயா, என்றாள் டெல்ஃபின், யாரிடம் சொன்னாளோ. அப்போது, எங்கிருந்து என்று சொல்ல முடியாது, டாக்டரம்மாவின் குரல் காதில் விழுந்தது, அன்றைக்கு அடைத்த காதின் ஏதோ ஓரத்தில் தங்கியிருந்து இப்போது மெல்ல வழிந்ததுபோல. முதல்ல நீ கொடு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பிறகு தேவைப்பட்டா பவுடர். தனித்தனியா. அழுது களைச்ச பிள்ளை பிடிக்காது, அழுமுன்னே கொடு. முதல்ல நீ. அவர் இரண்டு கையையும் காட்டியது இதற்குத்தான். இந்தக் கை முதலில், அந்தக் கை பிறகு. டெல்ஃபின் நடப்பதை நிறுத்தினாள். இவ்வளவு நாளும் பிள்ளை மாரில் குடிக்க வேண்டிய நேரத்தில் பம்ப் குடித்திருக்கிறது. பம்ப் குடித்ததைப் பாட்டில் வாங்கியிருக்கிறது, பாட்டில் மிச்சம் வைத்ததைக் கறிவேப்பிலை குடித்திருக்கிறது. பிள்ளைக்கு வந்து சேர்ந்தபோது அது எப்போதும் ரப்பர் வழியாகத்தான் வந்திருக்கிறது. பிறகு அவள் எப்படி இந்தப் பக்கம் திரும்புவாள், இங்கே கடை திறந்திருக்கிறது என்றே அவளுக்கு யாரும் சொல்லவில்லையே.

அழுமுன்னே என்றார் டாக்டரம்மா, இப்போதோ அழுதாகிவிட்டது. டெல்ஃபின் கட்டிலில் சாய்ந்து, சுண்டுவிரலைக் கழுவின ஞாபகம் இருக்கிறதா என்று ஒரு நொடி யோசித்து, இருக்கிறது, பிள்ளையின் வாயில் கொடுத்தாள். அது விரலைப் பிடித்தது. விக்கி விக்கி, அழுகை விம்மலாகத் தேய்ந்தது. இருட்டில் அதன் முகம் தெரியவில்லை, அவள் முகமும் அதற்குத் தெரியாது, அதுவே ஒரு சௌகரியமாக இருந்தது, யாரும் யாரையும் பரீட்சை வைக்கவில்லை. விரலை மெல்ல உருவிவிட்டு, இடுப்போடு அணைத்து, வயிறும் வயிறும் ஒட்டும்படி திருப்பி, காத்திருந்தாள். திணிக்கவில்லை. வாய் தேடியது, விலகியது, முட்டியது, தவறியது. மறுபடி தேடியது. போனால் போகட்டும் என்று அவள் கண்ணை மூடிய கணத்தில் பிடித்துக்கொண்டது. வலித்தது. கால் கட்டைவிரல் மடங்கும் அளவுக்கு வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள், மூச்சு விட்டால்கூட விட்டுவிடுமோ என்று மூச்சையும் பிடித்தாள். கொஞ்ச நேரம் வெறும் இழுப்பு, சின்னச் சின்னதாக, பதில் வராத இழுப்பு. வராது, வராது என்று உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு தோள்பட்டையிலிருந்து ஊசி ஊசியாக ஏதோ இறங்கிற்று. மற்ற மார் தானாகக் கசிந்து நைட்டியை நனைத்தது. பம்ப் வைத்து உட்கார்ந்த எந்த நேரத்திலும் இப்படி நனைந்ததில்லை. காதோரம் விரல் வைத்துப் பார்த்தாள், பிள்ளையின் தாடை நிதானமாக, ஆழமாக, ஒரு வேலைக்காரனைப்போல ஏறி இறங்கியது. முஷ்டி மெல்ல விரிந்து ஐந்து விரலும் அவள் தோலில் பரவின. டெல்ஃபின் அழுதாள், ஆனால் அது அழுகை என்று தெரியாமலே அழுதாள், உப்பு உதட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. போகவில்லை. இவள் எங்கேயும் போகவில்லை. வாசல் எது என்று தெரியாமல் தெருவில் நின்று கத்தியிருக்கிறாள், அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் குடித்த பிறகும் பிள்ளை வாயைச் சப்பிக்கொண்டு இன்னும் கேட்டது. மற்ற நாளாயிருந்தால் இந்தக் கேட்பே அவளைக் கொன்றிருக்கும், பார், உன்னிடம் போதவில்லை என்று. இன்றைக்கு அது வெறும் கேட்பாக இருந்தது, இன்னும் ஒரு தோசை வேண்டும் என்கிற கேட்பு. பிள்ளையைப் படுக்கவைத்து, போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்து, கையைக் கழுவிக்கொண்டு பவுடரைக் கரைத்தாள், தண்ணீரை முதலில் ஊற்றி, கரண்டியைத் தலைதட்டி, டப்பாவில் எழுதியிருந்தபடியே. கட்டி இல்லாமல் கரைந்தது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். கலப்பதற்கு எதுவும் இல்லை, கலக்கத் தோன்றவும் இல்லை. ரப்பரை வாயில் வைத்ததும் பிள்ளை அதையும் அதே நிதானத்தோடு குடித்தது. சற்றுமுன் இந்த மாரில் கிடந்த அதே கண்மூடல், அதே புருவச் சுளிப்பு. அவளுக்கு இரண்டுக்கும் சண்டை இல்லை. சண்டையெல்லாம் டெல்ஃபினின் மண்டைக்குள் நடந்த சண்டை. பாட்டிலில் மிஞ்சியதை வாஷ்பேசினில் கவிழ்த்தாள். வெறும் மாவுப்பால், போனால் போகிறது, எந்த எறும்பு வேண்டுமானாலும் குடிக்கட்டும். கரண்ட் வந்தது. ஃபேன் முனகிச் சுற்றியது, சார்ஜர் வயரோடு கிடந்த பம்ப் தானாக உயிர்பெற்று மேசைமேல் துடித்தது, அதன் சுவிட்சை அணைத்துவிட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

படியில் மாமியின் மூச்சிரைப்பு கேட்டது. நேராக அறைக்குள் வந்துவிட்டாள், தலையில் முக்காடு, கையில் அந்தோனியார் ரொட்டி. டப்பா மேசைமேல் மூடி திறந்து கிடந்தது, பாட்டில் டெல்ஃபினின் மடியில். சேலைப் பெட்டி தூரத்தில் இருந்தது. பின்னாலேயே வந்த அம்மா மாமியின் தோளுக்குமேல் கண்ணைக் காட்டினாள், ஏதாவது சொல்லிச் சமாளி என்கிற கண். டெல்ஃபினுக்குச் சமாளிக்க வரவில்லை.

“பவுடர்ப் பால் மாமி. முதல்ல நான் கொடுத்தேன். பிறகு இது. டாக்டரம்மா சொன்னதுதான். நான்தான் உங்கள்ட்ட சொல்லல.”

மாமி முக்காட்டை எடுத்தாள். டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், வைத்தாள். பிள்ளையின் கன்னத்தைப் புறங்கையால் தொட்டாள், தொடையை ஒரு பிடி பிடித்துப் பார்த்தாள், கரையில் மீனைப் பிடித்துப் பார்க்கிறவள் கை அது, ஏமாறாது.

“அதான் தொடை இம்புட்டு ஊறிருக்கா. நான் என் சுறாவாலன்னுலா நெனச்சேன்,” என்றாள். கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். ஊருக்குப் போன் போட்டு என் மருமகளுக்குப் பால் ஆறாக ஓடுகிறது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாளாம், இனி எந்த முகத்தோடு போவது என்று ஒரு பாட்டம் பாடினாள். முகத்தில் சுருக்கென்று ஒரு வருத்தம் இருந்தது, இல்லாமல் இல்லை, மறைத்ததற்கான வருத்தம் அது, டெல்ஃபின் அதைப் பார்த்துத் தலையைக் குனிந்தாள். மாமி பிள்ளையின் வாயோரத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு,

“ஆறா ஓடுனா என்ன பிள்ளே, குழாயில வந்தா என்ன. தூத்துக்குடிக்காரி நீ, தண்ணி லாரியில வருதா குடத்துல வருதான்னு பாத்துட்டா குடிக்க? நாளைக்கு ஒரு நேரம் நான் பாட்டில்ல கொடுக்கேன், நீ உறங்கு,” என்றாள்.

அம்மா கதவோரம் நின்று மூக்கை உறிஞ்சினாள். மாமி அவளையும் ஒரு பார்வை பார்த்து, நீயும் கூட்டா என்பதுபோல ரொட்டியை அவள் கையில் திணித்து வெளியே தள்ளிக்கொண்டு போனாள். ஹாலில் மார்செலின் அக்காவின் குரல் வந்தது, நவநாள் முடிந்து வீட்டுக்குப் போகுமுன் பிள்ளையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. பால் குடித்ததா என்று கேட்டாள். குடித்தது என்றாள் மாமி. தாய்ப்பால்தானே என்றாள் அக்கா.

“எந்தப் பாலா இருந்தா என்ன, நீ காபியா போடப்போற?” என்றாள் மாமி.

டெல்ஃபின் சிரித்துவிட்டாள், பிள்ளை திடுக்கிட்டு எழாமலிருக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க உடம்பு லேசானது, முதுகெலும்பில் கணு கணுவாக ஏதோ அவிழ்ந்தது, பிள்ளை பெற்ற அன்றைக்குக்கூட இப்படித் தூக்கம் வரவில்லை, கண்ணிமைக்குள் மணலைப்போல வந்து கொட்டுகிறது தூக்கம். பிள்ளையோடு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கதவை அவள் ஒருக்களித்தே வைத்திருந்தாள். சாத்தினால் உள்ளே என்ன செய்கிறாள் என்று கேட்பார்கள், அதனால் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலடிக்கும் திடுக்கிட்டாள். இப்போது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், தூங்குகிறோம் என்று. அம்மாவும் மகளும் தூங்குகிறோம். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள் பெயிண்ட் காய்ந்து ஒட்டிக் கிடந்தது, ஆட்டி ஆட்டிப் பார்த்தாள், உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். ஏறிவிட்டது.